அணிகலனாகும் மொழி: ஸ்காட்லாந்துச் செய்தித்தாள்களில் ஸ்காட்ஸ் மொழியும் தேசிய அடையாளமும்

தேசம் என்பது மக்கள் தம் மனத்தில் கற்பித்துக்கொள்ளும் ஒரு சமூகம் என்றும், அக்கற்பனைக்கு வழிவகுத்தவற்றுள் அச்சிட்ட செய்தித்தாள் தலையாயது என்றும் பெனடிக்ட் ஆண்டர்சன் 1983இல் எழுதினார். ஒரே காலைப்பொழுதில் ஒரே தாளைப் படிக்கும் முகமறியா மனிதர்கள் தம்மை ஒரு கூட்டமாக உணர்கின்றனர் என்பது அவர் கருத்தின் சாரம். அத்தாள் அம்மக்களின் அச்சுமொழியில் அமைந்திருக்க வேண்டும் என்பதும் அக்கருத்தினுள் அடங்கியுள்ளது. ஸ்காட்லாந்தைப் பற்றி அவர் சுருக்கமாகவே பேசுகிறார். அதன் தாழ்நிலப் பகுதி முன்னரே ஆங்கிலத்தின் எல்லைக்குள் வந்துவிட்டமையால், மொழிவழித் தேசியம் அங்கு எழ இடமில்லாமற் போயிற்று என்பது அவர் விளக்கம். இவ்விளக்கம் பெரும்பாலும் பொருந்துவதே. ஆயினும் ஸ்காட்லாந்தின் நாளிதழ் எதனையேனும் விரித்துப் படிப்பவர், ஆங்கிலப் பரப்பினிடையே ஆங்கேயும் ஈங்கேயும் ஆங்கிலமல்லாத சில சொற்கள் சிதறிக்கிடப்பதைக் காண்பர். அவை ஏன் அங்கு உள்ளன, எவ்விடங்களில் உள்ளன, எவ்விடங்களில் இல்லை என்பன ஆராயத்தக்கவை.

இச்சொற்களைத் தேசிய உணர்வின் வெளிப்பாடு எனக் கொள்வது வழக்கம். அவ்வழக்கம் முழுதும் தவறன்று, ஆனால் போதாதது. எவ்விடத்தில் ஸ்காட்ஸ் சொல் ‘இது எங்கள் நாடு’ என உரக்கக் கூறுகிறதோ, அவ்விடத்திலேயே அம்மொழி செய்தி சொல்லும் தகுதியிலிருந்து விலக்கப்படுவதையும் காணமுடிகிறது. இவ்விரண்டும் ஒரே செயலின் இரு பக்கங்கள் என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

மொழியா, கிளைமொழியா

ஸ்காட்லாந்தில் வழங்கும் மொழிகள் மூன்று. மேட்டுநிலப் பகுதிக்கும் தீவுகளுக்கும் உரிய கேலிக், கெல்ட்டியக் குடும்பத்தைச் சார்ந்தது. தாழ்நிலத்துக்குரிய ஸ்காட்ஸ், ஆங்கிலத்தைப் போன்றே ஜெர்மானியக் குடும்பத்தைச் சார்ந்தது. பழைய நார்தம்பிரியக் கிளையிலிருந்து தனியே வளர்ந்தது. மூன்றாவது ஆங்கிலம். இவற்றுள் கேலிக் வேற்றுமொழி என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஸ்காட்ஸின் நிலையோ அத்தகையதன்று. ஆங்கிலத்துக்கு மிக அணித்தாக நிற்பதே அதன் இடர்ப்பாடு.

பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்து அரசவையின் மொழியாகவும் சட்டமன்ற ஆவணங்களின் மொழியாகவும் விளங்கிய ஸ்காட்ஸ், மூன்று நிகழ்ச்சிகளால் தளர்ந்தது. 1560ஆம் ஆண்டுச் சமயச் சீர்திருத்தத்தின்பின் திருச்சபை ஆங்கில விவிலியத்தையே ஏற்றது. 1603இல் அரசர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணையேறி இலண்டன் சென்றார். 1707இல் இரு நாடாளுமன்றங்களும் ஒன்றாயின. அதன்பின் கற்றோர் தம் பேச்சிலிருந்தும் எழுத்திலிருந்தும் ஸ்காட்ஸ் கூறுகளைக் களையத் தலைப்பட்டனர். மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1752இல் விலக்கத்தக்க ஸ்காட்ஸ் வழக்குகளின் பட்டியல் ஒன்றையே வெளியிட்டார். ஐரோப்பாவின் பெருஞ்சிந்தனையாளர் ஒருவர் தம் தாய்வழக்கைப் பிழைத்திருத்தப் பட்டியலாக்கியது எண்ணத்தக்கது. தமிழை வடமொழியின் கிளையன்று என நிறுவிய கால்டுவெல், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்து கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அவர் பயின்ற காலத்தில் அந்நாட்டுக் கற்றோரிடையே ஸ்காட்ஸ் ஆங்கிலத்தின் சிதைவு என்றே பெரிதும் கருதப்பட்டு வந்தது என்பதும் உடன் நினைக்கத்தக்கது.

இந்நிலை இன்றும் முற்றும் நீங்கவில்லை. 2010இல் ஸ்காட்லாந்து அரசு வெளியிட்ட கருத்தாய்வில், ஸ்காட்ஸை ஓரளவேனும் பேசுவதாகக் கூறியோர் 85 விழுக்காட்டினர். அதே ஆய்வில் 64 விழுக்காட்டினர், அதனை ஒரு மொழியாகக் கருதவில்லை, பேசும் முறையாகவே கருதுகிறோம் என்றனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்முறையாக இம்மொழி பற்றிய வினா இடம்பெற்றபோது, 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இதனைப் பேசுவதாகப் பதிந்தனர். பேசுவோர் பலர், மொழியென ஏற்போர் சிலர். செய்தித்தாள்களில் ஸ்காட்ஸ் பெறும் இடத்தை விளங்கிக்கொள்ள இம்முரணே திறவுகோலாக அமைகிறது.

வெளிப்படையும் மறைவும்

பழைய ஸ்காட்ஸ் மொழி அகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய ஏ. ஜே. எய்ட்கன், ஸ்காட்லாந்தினர் ஆங்கிலம் பேசும்போது கலக்கும் ஸ்காட்ஸ் கூறுகளை இருவகைப்படுத்தினார். பேசுபவர் தாம் ஸ்காட்ஸ் சொல்லைப் பயன்படுத்துகிறோம் என்று அறியாமலே பயன்படுத்துவது மறைவான வழக்கு. அறிந்தே, ஒரு சுவைக்காகவும் தாம் இக்கூட்டத்தினர் எனக் காட்டுதற்காகவும் எடுத்தாள்வது வெளிப்படை வழக்கு. ‘அப்பால், புறம்பே’ எனப் பொருள்படும் ‘அவுட்வித்’ முதல்வகைக்குத் தக்க சான்று. ஸ்காட்லாந்தினர் பலர் அது இங்கிலாந்தில் வழங்காது என்பதையே அங்குச் சென்ற பின்னர்தான் அறிகின்றனர். குழந்தையைக் குறிக்கும் ‘பேர்ன்’ என்பதை நன்கு படித்த எடின்பரோ வழக்கறிஞர் ஒருவர் ஆங்கிலப் பேச்சினிடையே சொல்வாராயின், அது இரண்டாம் வகை.

எய்ட்கன் இப்பகுப்பைப் பேச்சுக்காகவே அமைத்தார். செய்தித்தாளுக்கு இதனைப் பொருத்துங்கால், மைக்கேல் பில்லிக் 1995இல் முன்வைத்த கருத்தொன்றையும் இணைத்துக் காணல் வேண்டும். தேசியம் என்றதும் வீதியில் வீசப்படும் கொடியே நினைவுக்கு வருகிறது. ஆனால் அரசுக் கட்டடத்தின்மேல் எவரும் நோக்காமல் தொங்கும் கொடியே தேசத்தை நாள்தோறும் நிலைநிறுத்துகிறது என்பது அவர் கருத்து. செய்தித்தாளில் ‘நாடு’, ‘இங்கு’, ‘நாம்’ எனும் சிறுசொற்கள் அத்தகைய தொங்கும் கொடிகள் என்றார். பில்லிக் பிரித்தானியச் செய்தித்தாள் என ஒன்றையே கொண்டு ஆராய்ந்தார். ஸ்காட்லாந்துத் தாளில் ‘நாடு’ எனின் எந்நாடு எனும் வினாவை அவர் எழுப்பவில்லை. அலெக்ஸ் லா முதலிய ஸ்காட்லாந்துச் சமூகவியலாளர் பின்னர் இக்குறையைச் சுட்டினர். கிளாஸ்கோவில் அச்சாகும் தாளில் ‘தேசிய அணி’ என்பது இங்கிலாந்து அணியாக ஒருநாளும் இராது.

எய்ட்கனின் மறைவழக்கும் பில்லிக்கின் தொங்கும் கொடியும் ஒன்றே. இவ்விருவரையும் இணைத்துப் பார்த்தால், ஸ்காட்லாந்துச் செய்தித்தாளின் தேசத்தன்மை எங்கு உறைகிறது என்பது புலப்படும். 1707ஆம் ஆண்டு இணைப்பின்போதும் ஸ்காட்லாந்தின் சட்டமுறை தனியே விடப்பட்டது. ஆகவே நீதிமன்றச் செய்திகளில் ‘புரொக்கியூரேட்டர் ஃபிஸ்கல்’ என்பவர் அரசுத்தரப்பில் வழக்குத் தொடுக்கிறார். ‘ஷெரீப்’ என்பவர் குதிரையேறிய காவலர் அல்லர், நீதிபதி. குற்றவாளி, நிரபராதி என்னும் தீர்ப்புகளோடு ‘மெய்ப்பிக்கப்படவில்லை’ எனும் மூன்றாம் தீர்ப்பும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்படும்வரை அங்கு வழங்கியது. நகர்மன்றத் தலைவர் ‘புரோவஸ்ட்’ எனப்படுகிறார். பள்ளிக் காவலர் ‘ஜானிட்டர்’. இச்சொற்கள் மேற்கோள்குறிகளின்றி, விளக்கமின்றி, கொலைச்செய்தியிலும் வரவுசெலவுச் செய்தியிலும் வருகின்றன. இவற்றுட் பல, வேரால் இலத்தீனும் பிரெஞ்சும் ஆகும். ஸ்காட்ஸ் ஆர்வலர் எவரும் இவற்றைத் தம் மொழியின் செல்வமெனப் போற்றிப் பாடுவதில்லை. எனினும் இலண்டன் வாசகர் ஒருவர் தாம் வேறொரு நாட்டின் தாளைப் படிக்கிறோம் என உணர்வது இவற்றாலேயே.

அண்மைக் காலத்துச் சான்று ஒன்று இவ்விருவகைக்கும் இடைப்பட்ட எல்லையைக் காட்டுகிறது. ஊசி போடுவதை இங்கிலாந்தில் ‘ஜாப்’ என்பர். ஸ்காட்லாந்தில் ‘ஜாக்’ என்பர். பள்ளிச் சிறுவர் முதல் செவிலியர் வரை வழங்கும் இச்சொல்லைப் பெருந்தொற்றுக்கு முன்னர் எவரும் பொருட்படுத்தவில்லை. 2020ஆம் ஆண்டின் இறுதியிலும் 2021இலும் தடுப்பூசி நாள்தோறும் தலைப்புச்செய்தியானபோது, இலண்டனின் ‘ஜாப்’ எங்கும் பரவியது. அப்போதுதான் ‘ஜாக்’ என எழுதுவது ஒரு தேர்வாயிற்று. அன்றைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் அதனையே பேசினார். தாள்கள் சில அதனை எழுதின, சில இரண்டையும் மாற்றி மாற்றி எழுதின. மறைவாக இருந்த சொல், போட்டி தோன்றியதும் வெளிப்படையாயிற்று. ஒரு சொல் அடையாளமாவதற்கு அதன் பழைமையோ அழகோ காரணமன்று, எதிர்ச்சொல் ஒன்று அருகில் வந்து நிற்பதே காரணம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

சொற்கள் நிற்கும் இடம்

வெளிப்படை வழக்குகள் எத்தகையன? ஃபியோனா டக்ளஸ் 2009இல் வெளியிட்ட நூல், செய்தித்தாட் பனுவல்களைக் கணினித் தொகுப்பாக்கி ஸ்காட்ஸ் சொற்களைத் தேடிக் கணக்கிட்ட ஆய்வாகும். வருஞ்சொற்களின் வகை மிகக் குறைவு என்பதும், அவை செறிவது செய்திப் பகுதியிலன்று, சிறப்புக் கட்டுரை, விளையாட்டு, மேற்கோள் ஆகியவற்றில் என்பதும் அதனால் பெறப்படுகின்றன. அன்றாட வாசகரும் இதனை உணர்வர். ‘சிறிய’ எனப் பொருள்படும் ‘வீ’ எங்கும் உண்டு. மூட்டமும் ஈரமும் கூடி மனத்தைச் சோரவைக்கும் நாளுக்கு ‘டிரீக்’, கிழக்குக் கடற்கரையில் கடலினின்றும் ஏறிவரும் குளிர்மூடுபனிக்கு ‘ஹார்’, சலித்து வெறுத்துப்போன நிலைக்கு ‘ஸ்கன்னர்ட்’, மந்தபுத்திக்கு ‘கிளெய்கிட்’, சிறு பொருளுக்காக எழும் பெருங்கூச்சலுக்கு ‘ஸ்டூஷி’, கால்பந்தாட்டத்தில் இலக்குக் கம்பத்தின்முன் நேரும் நெரிசலுக்கு ‘ஸ்ட்ராமாஷ்’. இக்கடைசிச் சொல்லைத் தொலைக்காட்சி வருணனையாளர் ஆர்தர் மான்ட்ஃபோர்ட் ஆட்ட ரசிகரிடையே பரப்பினார். பின்னர் அது அரசியல் பக்கத்துக்கும் குடியேறியது.

இவற்றின் பொருட்பரப்பை நோக்கினால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. வானிலை, வசை, குழந்தை, குடி, ஆட்டம், சிறு பூசல் ஆகிய துறைகளே இவற்றுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. அரசியலில் வரும்போதும், சட்டமுன்வரைவின் உள்ளடக்கத்தைச் சொல்ல இவை வருவதில்லை. அதன்பொருட்டு உறுப்பினர்கள் இட்ட கூச்சலைச் சொல்லவே வருகின்றன. நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தால் ஆங்கிலம். சண்டை நடந்தால் ஸ்காட்ஸ்.

‘வீ’ எனும் ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்துப் பேச்சில் அது அளவைக் குறிப்பதோடு பரிவையும் குறிக்கும். ‘ஒரு வீ தேநீர்’ எனும்போது கோப்பையின் அளவு பேசப்படுவதில்லை, உபசாரம் பேசப்படுகிறது. செய்தித்தாள்கள் முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்டை ‘வீ எக்’ என்று எழுதின. எக் என்பது அலெக்ஸாண்டர் என்பதன் மருஉ. இது நட்பா, இளக்காரமா? தாளுக்குத் தாள், நாளுக்கு நாள் அது மாறியது. நாட்டின் முதலமைச்சரைத் தெருமுனைச் சிறுவன்போல் அழைக்கும் உரிமையை இச்சொல் ஆசிரியர்க்குத் தருகிறது. மறுபுறம், ஸ்காட்லாந்து தனித்து வாழ ‘மிகவும் வீ, மிகவும் ஏழை, மிகவும் மூடம்’ என எதிர்த்தரப்பினர் கருதுவதாகத் தனிநாட்டு ஆதரவாளர் ஏளனமாய்ச் சொல்லும் தொடரில், அதே ‘வீ’ கசப்பேறி நிற்கிறது. பரிவு, இளக்காரம், கசப்பு என மூன்றையும் தாங்கும் இச்சொல் எளிய அடையாளச் சின்னம் மட்டுமன்று. எண்ணிக்கைவழி ஆய்வு இன்றியமையாததே; ஆயினும் மூவிடத்தும் வந்த ‘வீ’ அங்கு மூன்று எனும் எண்ணாகவே எஞ்சுகிறது.

வெளிப்படை வழக்கைக் கையாளும் தாள்கள் யாவும் தனிநாடு கோருவன என எண்ணுதலும் பிழையாகும். டண்டீயின் டி. சி. தாம்சன் நிறுவனத்தின் ‘சண்டே போஸ்ட்’ இதழில் 1936 மார்ச் 8 அன்று ‘ஊர் வுல்லி’, ‘தி புரூன்ஸ்’ ஆகிய படக்கதைகள் தொடங்கின. டட்லி வாட்கின்ஸ் வரைந்த இவற்றின் மாந்தர் முற்றும் ஸ்காட்ஸ் கலந்தே பேசுவர். கவிழ்த்த வாளிமேல் அமர்ந்த அச்சிறுவனும், அடுக்கு வீட்டில் நெருங்கி வாழும் அக்குடும்பமும் தலைமுறை தலைமுறையாக ஸ்காட்லாந்தினர்க்கு உறவினராயினர். ஆனால் அவ்விதழின் அரசியல் நெடுங்காலம் இணைப்பையும் பழைமையையும் பேணுவதாகவே இருந்தது. மொழியைப் படக்கதைக்குள் அன்போடு அமர்த்திவிட்டு, தலையங்கத்தை ஆங்கிலத்தில் எழுதுவதில் அதற்கு எம்முரணும் தோன்றவில்லை. டாம் நேர்ன் போன்ற இடதுசாரித் தேசியச் சிந்தனையாளர் அவ்விதழைக் கடுமையாகச் சாடியது இதன்பொருட்டே. இலண்டன் தாள்களின் ஸ்காட்லாந்துப் பதிப்புகளும் இவ்வாறே சந்தைக்கேற்பச் சில சொற்களை அணிந்துகொள்கின்றன. ‘தி சன்’ இதழின் ஸ்காட்லாந்துப் பதிப்பு 1992 ஜனவரியில் தனிநாட்டை ஆதரித்தது. 2007இல் அதே பதிப்பு தேர்தல் நாளன்று ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு எதிராகத் தூக்குக்கயிற்றை முகப்பில் அச்சிட்டது. அரசியல் நேரெதிராக மாறியபோதும், ‘நாங்கள் உங்கள் தாள்’ எனும் பேச்சு மாறவில்லை.

எல்லா ஸ்காட்ஸும் அணிகலனாகும் பேறு பெறுவதுமில்லை. நாட்டுப்புறத்துப் பழஞ்சொல் நல்ல ஸ்காட்ஸ், கிளாஸ்கோ ஆலைத்தெருவின் பேச்சு கெட்ட ஸ்காட்ஸ் எனும் பாகுபாட்டை எய்ட்கன் மூடநம்பிக்கை எனக் கண்டித்தார். 1994இல் ஜேம்ஸ் கெல்மன் கிளாஸ்கோ வழக்கில் எழுதிய நாவல் புக்கர் பரிசு பெற்றபோது இலண்டன் தாள்களில் எழுந்த சீற்றம் நினைவுகூரத்தக்கது. ‘டிரீக்’ எனும் சொல்லைக் கண்டு புன்முறுவல் பூப்போர், ஒரு முழுநூலே தெருவின் பேச்சில் சிந்திக்கும்போது அவ்வாறு புன்முறுவல் பூக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் சான்று

ஸ்காட்ஸ் உரைநடைக்குச் செய்தித்துறையில் இடமேயில்லை, அது இயல்பாகவே பாட்டுக்கும் வேடிக்கைக்கும் உரியது எனும் வாதத்தை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. வில்லியம் டொனால்ட்சன் 1986இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான மறுப்பாகும். 1855இல் செய்தித்தாள்மீதான முத்திரை வரி நீங்கியதும் ஸ்காட்லாந்து நகரங்களில் மலிவுவிலைத் தாள்கள் பெருகின. புத்தகச் சந்தை இலண்டனை நோக்கியிருந்தது. செய்தித்தாட் சந்தையோ உள்ளூரை நோக்கியிருந்தது. ஆகவே புத்தகங்களில் மறைந்த ஸ்காட்ஸ் உரைநடை தாள்களில் தழைத்தது. புத்தகங்களை மட்டும் நோக்கி இலக்கிய வரலாறு எழுதியோர் அம்மொழி உரைநடையில் மாண்டதென முடிவு கட்டியது, தேடாத இடத்தில் இல்லை எனக் கூறியது போலாகும்.

டண்டீயில் 1858இல் தொடங்கிய ‘பீப்பிள்ஸ் ஜர்னல்’ வார இதழின் ஆசிரியர் டபிள்யூ. டி. லாட்டோ, ‘டாமஸ் பாட்கின்’ எனும் தையற்காரராகத் தம்மைப் புனைந்துகொண்டு ஸ்காட்ஸில் தொடர்ந்து எழுதினார். அத்தையற்காரர் தம் இல்லறத்தைப் பேசியதோடு அமையாது, நாட்டு நடப்பையும் அயலக அரசியலையும் தம் மொழியிலேயே அலசினார். ‘அபர்டீன் ஃபிரீ பிரஸ்’ தாளில் 1869, 1870ஆம் ஆண்டுகளில் வில்லியம் அலெக்ஸாண்டரின் ‘ஜானி கிப்’ நாவல் தொடராக வெளிவந்தது. 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளவுண்டதைக் குடியானவர் நோக்கில் காட்டிய அந்நாவலின் மாந்தர், சமயக் கொள்கையையும் நிலவுரிமையையும் வடகிழக்கு வழக்கிலேயே வாதிட்டனர். தையற்காரர் என்பது ஒரு முகமூடியே, கதைமாந்தர் பேச்சு என்பது ஒரு வரம்பே என்பன உண்மை. செய்தியறிக்கை அன்றும் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது. ஆயினும் அரசியலைப் பேசும் வலிமை அம்மொழிக்கு உண்டு என்பதற்கு அத்தாள்களே சான்று.

இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. லாட்டோவின் வாசகர்க்கு அடையாளம் தேவைப்படவில்லை. டண்டீ நெசவாலைத் தொழிலாளியிடம் ‘நீ ஸ்காட்லாந்தினன்’ எனத் தையற்காரர் நினைவூட்ட வேண்டியதில்லை. நினைவூட்டலாக ஸ்காட்ஸ் மாறியது, அது வெளியாருக்காக எழுதப்பட்டபோதே. ஜே. எம். பேரி 1880களில் தம் சிற்றூர்ச் சித்திரங்களை இலண்டன் மாலையிதழ் ஒன்றில் வெளியிட்டார். அவரைத் தொடர்ந்து எழுந்த எழுத்தினைக் ‘கேல்யார்ட்’, அதாவது வீட்டுக் கீரைத்தோட்டம், எனத் திறனாய்வாளர் இகழ்ந்தனர். அத்தோட்டத்து வேலிக்குள்தான் இன்றைய நாளிதழ்களின் ஸ்காட்ஸ் சொற்கள் பெரும்பாலும் இன்னும் உலவுகின்றன. மற்றொரு முரணையும் ஈண்டுச் சுட்டலாம். இருபதாம் நூற்றாண்டில் ஸ்காட்ஸ் கவிதைக்குப் புத்துயிரளித்த ஹியூ மக்டயர்மிட் 1920களில் மான்ட்ரோஸ் ஊரின் ‘மான்ட்ரோஸ் ரிவ்யூ’ தாளில் செய்தியாளராகப் பணிபுரிந்தார். பகலில் நகர்மன்றக் கூட்டத்தை ஆங்கிலத்தில் பதிந்தவர், இரவில் ஸ்காட்ஸில் பாடினார்.

2014 செப்டம்பரும் 2016 ஜனவரியும்

2014 செப்டம்பர் 18 அன்று தனிநாடு பற்றிய பொதுவாக்கெடுப்பு நடைபெற்றது. வேண்டாம் என்போர் 55.3 விழுக்காடும் வேண்டும் என்போர் 44.7 விழுக்காடும் பெற்றனர். தேசிய அடையாளமே வாக்குச்சீட்டில் நின்ற அக்காலத்தில் ஸ்காட்ஸ் மொழி செய்தித்தாள்களில் பொங்கியிருக்க வேண்டும் என எதிர்பார்க்கலாம். நிகழ்ந்தது அதுவன்று. தனிநாட்டு இயக்கம் தன் பெயரை ஆங்கில ‘யெஸ்’ என்றே அமைத்தது; ‘ஆம்’ என்பதற்கு ஸ்காட்ஸில் உள்ள ‘அய்’ சட்டையில் குத்தும் வில்லைகளுக்குச் சென்றது. அவ்வாண்டு மே மாதம் தனிநாட்டை வெளிப்படையாக ஆதரித்த ‘சண்டே ஹெரால்ட்’ இதழின் முகப்பை எழுத்தாளரும் ஓவியருமான அலஸ்டர் கிரே வரைந்தார். அம்முகப்பும் ‘யெஸ்’ என்றே கூறியது. வாக்கெடுப்புக்கு இருநாள் முன்னர், செப்டம்பர் 16 அன்று, ‘டெய்லி ரெக்கார்ட்’ இதழ் பிரித்தானியக் கட்சித் தலைவர் மூவரின் கையொப்பத்தோடு அதிகாரப்பகிர்வு உறுதிமொழியைப் பழந்தோற்சுருள் போன்ற வடிவில் முகப்பில் அச்சிட்டது. ஸ்காட்ஸ் சொற்களை விளையாட்டுப் பக்கத்தில் தாராளமாகத் தூவும் தாள் அது. ஆயினும் அத்தோற்சுருளின் வாசகம் பிழையற்ற, நிறமற்ற ஆங்கிலம். மிகக் கனமான ஒன்றைச் சொல்ல நேர்ந்தபோது இருதரப்பு இதழ்களும் ஒரே மொழியைத் தேர்ந்தன.

பிறநாட்டார் பார்வையில் மொழிவெறியாகத் தோன்றிவிடக் கூடாது எனும் எச்சரிக்கையும் தனிநாட்டுத் தரப்பினர்க்கு இருந்திருக்கலாம். அவர்தம் தேசியம் பிறப்பையும் மொழியையும் சாராது குடியுரிமையைச் சார்ந்தது என்பதே அவர்தம் கொள்கை. அது மதிக்கத்தக்க கொள்கையே. எனினும் அக்கொள்கை ஆங்கிலத்தை ‘மொழியல்லாத பொதுவெளி’ ஆக்கிவிட்டது என்பதையும் மறுத்தற்கில்லை.

வாக்கெடுப்பின்பின், 2014 நவம்பரில், தனிநாட்டை ஆதரிக்கும் நாளிதழாகத் ‘தி நேஷனல்’ தொடங்கியது. 2016 ஜனவரியில் அது தன் முகப்பை ஒருநாள் ஸ்காட்ஸில் அச்சிட்டது. இதழின் பெயரும் ஸ்காட்ஸ் ஒலிப்புக்கேற்ப மாற்றி எழுதப்பெற்றது. வரவேற்றோரும் உண்டு, இது மொழியன்று, எழுத்துப்பிழையோடு எழுதிய ஆங்கிலம் என நகைத்தோரும் உண்டு. தனிநாட்டை விரும்பாதோர் இதனை அரசியல் வேடமெனக் கொண்டனர். அந்நகைப்பை வெறும் பகைமை எனத் தள்ளிவிடலாகாது. செய்தியைச் செய்தியாகத் தருவதற்கு ஒருவகை மொழியே உண்டு எனும் பழக்கம் அதில் பேசுகிறது. டாம் லெனர்டு 1976இல் வெளியிட்ட கவிதையொன்று இப்பழக்கத்தை முன்னரே தோலுரித்துள்ளது. ஆறுமணிச் செய்தி வாசிப்பவரே கிளாஸ்கோ தெருவழக்கில் பேசி, இவ்வழக்கில் செய்தி சொன்னால் கேட்போர் அதனை உண்மையென நம்பமாட்டார் என விளக்குவதாக அக்கவிதை அமைந்துள்ளது. நாற்பதாண்டுகளுக்குப்பின் ‘தி நேஷனல்’ முகப்பு பெற்ற வரவேற்பு அதற்கு உரை எழுதியது போலுள்ளது.

இதழின் செயலிலும் குறை உண்டு. அன்று ஸ்காட்ஸில் அச்சிட்டமையே செய்தியாயிற்று. ஸ்காட்ஸில் அச்சிட்ட செய்தி எதுவும் பேசப்படவில்லை. பின்னர் முகப்பு ஆங்கிலத்துக்குத் திரும்பியது. ஸ்காட்ஸ் பத்திகளுக்குள் அமர்ந்தது. படக்கதையைவிடப் பத்தி உயர்ந்த இருக்கைதான். ஆயினும் அதுவும் ஒதுக்கிய இருக்கையே.

வடகிழக்கின் பத்தி

அபர்டீனின் ‘பிரஸ் அண்ட் ஜர்னல்’ பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றிய தாள். அதில் வானொலி அறிவிப்பாளர் ராபி ஷெப்பர்டு (1936–2023) டோரிக் எனும் வடகிழக்கு வழக்கில் பல ஆண்டுகள் வாரப்பத்தி எழுதினார். அப்பத்தியில் ஸ்காட்ஸ் சொல் மேற்கோள்குறிக்குள் நிற்பதில்லை. அருகில் ஆங்கில விளக்கம் அமர்வதில்லை. தேசத்தை அது பேசவில்லை. தன் வட்டாரத்தைத் தன் வட்டாரத்தாரோடு பேசியது. முழுமையாக மொழி வழங்கும் இடத்தில் தேசம் பின்வாங்குகிறது; தேசம் முன்னிற்கும் இடத்தில் மொழி பத்துச் சொற்களாகச் சுருங்குகிறது.

இம்முரணுக்கு எழுத்துமுறையும் ஒரு காரணம். ‘என்ன’ எனும் வினாவைக் கிளாஸ்கோவில் ‘விட்’ என்பர். அபர்டீனில் ‘ஃபிட்’ என்பர். நாடு முழுமைக்குமான தாள் இவற்றுள் எதனை அச்சிடும்? பதினெட்டாம் நூற்றாண்டு முதல் அச்சாளர்கள் ஸ்காட்ஸ் சொற்களில் ஆங்கில எழுத்து இல்லாத இடந்தோறும் மேற்குறி இட்டு, ஏதோ விடுபட்டுவிட்டதுபோல் காட்டினர். விடுபட்டது எதுவுமில்லை, அச்சொல் அவ்வாறே பிறந்தது. இதனை மன்னிப்புக் கேட்கும் மேற்குறி என்பர். 1947இல் எடின்பரோவில் கவிஞர்கள் கூடி வகுத்த எழுத்துநெறி அக்குறியை விலக்கியது. கவிஞர் பலர் பின்பற்றினர். செய்தித்தாள்கள் பலகாலம் அக்குறியைக் கைவிடவில்லை. தாள் ஒவ்வொன்றும் தன் நடைக்கையேட்டில் ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டலை வரையறுப்பதுபோல் ஸ்காட்ஸ் சொல்லுக்கும் வரையறுத்திருக்குமாயின் இச்சிக்கலின் பெரும்பகுதி முன்னரே தீர்ந்திருக்கும். அகராதிகளும் உள்ளன, 1931 முதல் 1976 வரை வெளிவந்த ஸ்காட்லாந்து தேசிய அகராதி தன் மேற்கோள்களுக்குச் செய்தித்தாள்களையும் சான்றாகக் கொண்டுள்ளது. தாள்கள் அகராதிக்குச் சொல் வழங்கின. அகராதியிலிருந்து எழுத்துக்கூட்டலைப் பெற முனையவில்லை.

2001இல் ஐக்கிய அரசு, வட்டார, சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பிய உடன்படிக்கையை ஏற்றபோது, கேலிக் விரிவான பாதுகாப்புடைய மூன்றாம் பகுதியில் இடம்பெற்றது. ஸ்காட்ஸ் பொதுநெறிகள் மட்டுமே கொண்ட இரண்டாம் பகுதியில் அமைந்தது. 2025இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய மொழிச்சட்டம் இரண்டுக்கும் அலுவல்நிலை வழங்கியது. அச்சட்டம் அரசையும் கல்வியையும் நோக்கியது. செய்தித்தாளின் ஆசிரியர் மேசையை அது எட்டுவதில்லை. ‘ஸ்கன்னர்ட்’ எனும் சொல் ஓய்வூதியச் செய்தியின் முதல் வரியில் குறியின்றி நிற்கலாமா, அல்லது பாதிக்கப்பட்ட முதியவரின் மேற்கோளுக்குள் மட்டும் நிற்கலாமா என்பதை, அச்சேறும் முன்னிரவில், துணையாசிரியர் ஒருவரே தீர்மானிக்கிறார்.